வேலூரில் ஒரு வாய் உணவு தேடியது

ஒரு கையில் மோதகமும் மறு கையில் ஒடிந்த கொம்பும் ஏந்திய பெருமானே, உண்பதும் எழுதுவதும் உனக்கு உவப்பானவை. உண்டதைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறேன். இரண்டிலும் பிழை நேராமல் உடனிருந்து காத்தருள்க.

இன்று தை மாதத்து வளர்பிறைப் பஞ்சமி, வியாழக்கிழமை, உத்திரட்டாதி கூடிய நன்னாள். காலைப் பூசை முடித்து, வெயில் ஏறுமுன் தொடங்குகிறேன்.

என்னை அறிந்தவர்கள் இதன் தலைப்பைக் கண்டு நகைக்கக்கூடும். இளமையிலேயே சிவதீட்சை பெற்றவன் நான். என் வீட்டு அடுப்பிலோ என் கையாலோ சமைத்து, பூசையில் நிவேதித்ததன்றி வேறெதுவும் உண்பதில்லை என்னும் நியமத்தை நாற்பது வயது கடந்தும் விடாமல் காத்துவந்தேன். பிழைப்புக்கோ ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் மண்டியில் கணக்கெழுதும் வேலை. மண்டிக்கு எதிரே பிரியாணிக் கடை, பக்கத்தில் வடைச் சட்டி, தெருமுனையில் காபி கிளப்பு. நண்பகலில் மண்டி முழுவதும் எழுந்து கடைகளுக்குப் போகும். நான் மட்டும் வீட்டிலிருந்து வந்த தூக்குச்சட்டியைத் திறப்பேன். "கணக்கரய்யா மூக்கை எங்க கழட்டி வெச்சிட்டு வர்றாரோ" என்று மண்டி ஆட்கள் கேலி செய்வார்கள். தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகளின் நெடியும் பிரியாணி வேகும் தேக்சாவின் மணமும் கலந்து வரும் காற்றில், பதிகம் ஒன்றை மனத்துக்குள் ஓதியபடி மோர்ச்சோற்றை உண்டு முடிப்பேன்.

அத்தகைய நான் வேலூர்க் கடைவீதிகளில் பண்டம் பண்டமாக விசாரித்துத் திரிய நேர்ந்தது என் மனைவியின் பொருட்டு.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல் கண்டது. ஊர் வைத்தியரின் கஷாயங்கள் பலிக்கவில்லை. நினைவு தப்பும் நிலையில் அவளை ரயிலேற்றிக் காட்பாடியில் இறக்கி, குதிரைவண்டி பிடித்து, வேலூரில் பெண்களுக்கென இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பிள்ளைகளைத் தமக்கையிடம் விட்டிருந்தேன். மண்டிச் சாயபு, "வேலை கிடக்கட்டும் ஐயா, மனசைப் பேஜார் பண்ணிக்காதீங்க" என்று சொல்லி விடுப்புக் கொடுத்தார். நான் ஒரு சத்திரத்தில் தங்கினேன்.

கொய்னா மருந்தில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் பசி எழவில்லை. கஞ்சியை வாயில் வைப்பாள்; விழுங்க முயல்வாள்; கண்ணில் நீர் திரளும்; கடைசியில் கிண்ணத்திலேயே உமிழ்ந்துவிடுவாள். நாளுக்கு நாள் தோள் எலும்பு மேலெழுந்து வந்தது. டாக்டரம்மாள் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, ஒளிக்காமல் சொன்னார்.

"காய்ச்சல் போய்விட்டது ஐயா. இனி என் மருந்தால் ஆவது ஒன்றும் இல்லை. உணவு உள்ளே போனால் பிழைப்பார்கள். போகாவிட்டால் பிழைப்பது அரிது. வாய்க்குப் பிடித்தது எதுவானாலும் கொண்டுவந்து கொடுத்துப் பாருங்கள்."

அவள் கிடந்த கூடம் நீளமானது. இரு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். ஆடவர்கள் மாலையில் மட்டுமே உள்ளே வரலாம். நாங்கள் வந்த புதிதில் ஒரு மாலை, கோடிக் கட்டிலைச் சுற்றி, மரச்சட்டத்தில் பச்சைத் துணி இழுத்துக் கட்டிய திரையொன்றை வைத்தார்கள். மறுநாள் திரையும் இல்லை, அக்கட்டிலில் இருந்த மூதாட்டியும் இல்லை. அதன்பின் அத்திரை சுவரோரமாக மடங்கி நின்றது. கூடத்துப் பெண்கள் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்புவதையே தவிர்த்தார்கள்.

என் மனைவிக்கு அடுத்த கட்டிலில் நாட்றம்பள்ளியிலிருந்து வந்த கிறிஸ்தவ அம்மாள் ஒருவர் இருந்தார். முழங்காலில் கட்டி அறுத்துக்கொண்டவர். அவருக்கு நோய் காலோடு நின்றுவிட்டது, வாய்க்கு ஏறவில்லை.

முதலில் சத்திரத்து அடுக்களையிலிருந்து ரசஞ்சாதம் கொண்டுபோனேன். அதை முகர்ந்ததுமே என் மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு வேற இன்னாத்தையாவது கொண்டாங்க" என்றாள். "என்ன வேண்டும்?" என்று கேட்டேன். "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்றாள். அவளுக்கே தெரியாததை நான் தேடியாக வேண்டும்.

மறுநாள் மாலை, சந்தைக்குப் போகும் பாரவண்டிகள் மாடவிழ்த்து நிற்கும் மேட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பெண்பிள்ளை பானைவாயில் துணி கட்டி இட்டலி வேகவைத்துக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர்கள் சுற்றிலும் குந்தி, மந்தாரை இலையில் வேர்க்கடலைச் சட்டினியோடு உண்டுகொண்டிருந்தார்கள். அடுப்பங்கரை சுத்தமா, தண்ணீர் எங்கிருந்து வந்தது, துணி துவைத்ததா என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நின்றேன். அவள் கரண்டியை நிறுத்தினாள்.

"இன்னா சாமி, இட்லி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? வந்ததிலேருந்து மொறச்சிக்கினே கீறே?"

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நான் கூச்சத்தோடு, "குளித்துவிட்டுத்தானே சமைக்கிறாய், அம்மா?" என்று கேட்டேன்.

"கெணத்துல குளிச்சிட்டுத்தான் அடுப்பையே பத்தவெச்சேன். நீ குளிச்சியா?"

குளித்தேன் என்றேன். அப்போதுதான் இட்டலி கட்டித் தந்தாள்.

கட்டிலருகே பொட்டலத்தைப் பிரித்து வைத்து, கண்மூடி ஒரு துதி சொல்லி, பிறகு கண் திறந்து என் மனைவியின் வாயையே பார்த்து நின்றேன். நர்சம்மாள் கைவேலையை விட்டு வந்து நின்றார். நாட்றம்பள்ளி அம்மாள் முழங்கையை ஊன்றி எழுந்து எட்டிப் பார்த்தார். என் மனைவி ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள், மென்றாள், எங்களைப் பார்த்தாள், கண் நிறைந்தது, உமிழ்ந்துவிட்டாள்.

"அண்ணே, வீணாக்காதீங்க. இப்புடி நீட்டுங்க" என்றார் அடுத்த கட்டில் அம்மாள். முழுவதையும் உண்டு முடித்து, "சட்னி நல்லாத்தான் கீது. காரம் கொஞ்சம் கம்மி" என்று தீர்ப்பும் சொன்னார்.

அதன்பிறகு நான் போகாத வீதியில்லை. காபி கிளப்பு ஒன்றில், பிராமணர் அமரத் தட்டி கட்டிய உள்ளறைக்கு வெளியே பலகையில் உட்கார்ந்து, ரவை உப்புமா கட்டித் தரக் கேட்டேன். பரிமாறியவர், "இங்கேயே சாப்பிட்டா சூடா இருக்குமே" என்றார், எனக்கல்ல என்றேன். இடியாப்பம் விற்பவள் தேங்காய்ப்பாலைத் தனிச் சொம்பில் தந்தாள். கடைவீதியில் வெண்தாடி சாயபு ஒருவர், பாகில் ஊறிய பேடாவை மண்கலயத்தில் இட்டுத் தந்தார். "அம்மா ஒரு வாய் துன்னா போதும் தோஸ்த், அப்பறம் அவங்களே கேப்பாங்க" என்றார். வாங்கும்போது கை கொஞ்சம் தயங்கியது; ஆனாலும் வாங்கினேன். கோட்டை வெளியில், அகழியோரமாகக் கூடை வைத்திருப்பவர்களிடம் மொச்சைச் சுண்டலும் அவித்த வேர்க்கடலையும் வாங்கினேன். எந்தக் கடையில் எண்ணெய் புதிது, யாருடைய மாவு புளித்தது என்று ஆவியின் மணத்தைக்கொண்டே எனக்குத் தெரியலாயிற்று. எதையும் நான் உண்ணவில்லை. சத்திரத்தில் நானே பொங்கிய ஒரு வேளைச் சோற்றோடு இருந்தேன்.

எல்லாம் நாட்றம்பள்ளி அம்மாளுக்கே போயிற்று. வண்டிமேட்டு இட்டலிக்காரியும் என் கதையைக் கேட்டறிந்து, போகும்போதெல்லாம் இருவருக்குமாக இரண்டு பொட்டலம் கட்டித் தரலானாள். "இந்த அண்ணன் இன்னும் பத்து நாளு தேடினா, நான் நொண்டிக்கினு இல்ல, உருண்டுக்கினுதான் ஊருக்குப் போவேன்" என்றார் அவர்.

என் மனைவிக்குப் பண்டத்தைவிட அது வந்த கதையே பிடித்தது. இட்டலிக்காரி என்னைக் கேட்ட கேள்வியைச் சொன்னபோது, காய்ச்சலுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

"பொண்ணு பாக்க வந்தியான்னா கேட்டா? நீங்க இன்னா சொன்னீங்க?"

"குளித்தேன் என்று சொன்னேன்."

"நல்ல பதில்தான்! சரி, அந்த இட்லி எப்புடி கீது? நீங்க துன்னு பாத்தீங்களா?"

"எனக்கு நியமம் இருக்கிறதே."

"ருசி இன்னான்னே தெரியாம எனக்கு வாங்கிக்கினு வர்றீங்களா?" என்றாள். அதற்கு மேல் பேச மூச்சில்லை.

ஒரு மாலை டாக்டரம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் பேசாமல் போனார். அவர் பேசியிருந்தால் அவ்வளவு அஞ்சியிருக்க மாட்டேன். மறுநாள் கால் போன போக்கில் கோட்டைக்குள் நடந்து, அங்குள்ள கோயிலில் போய் நின்றேன். சிற்பங்கள் நிறைந்த அக்கோயிலின் கருவறையில் மூர்த்தி இல்லை. முன்னொரு காலத்தில் வேற்றூருக்கு எழுந்தருளச் செய்துவிட்டார்களாம். வௌவால் வாடை வீசிய அந்த வெற்றிடத்தின் முன் எனக்கு ஒரு பாடலும் வரவில்லை. என் வீட்டின் நினைவுதான் வந்தது. பூசையறை, அடுக்களை, நிவேதன வேளையில் நான் இழுத்துவிடும் சிறு பட்டுத்திரை. அதை அவள்தான் தைத்துக் கொடுத்தாள்.

அங்கிருந்து வண்டிமேட்டுக்கே போனேன். புதிதாகத் தேட மனம் இல்லை. "அம்மா இன்னும் துன்னலியா சாமி?" என்று கேட்ட இட்டலிக்காரி, கேலி ஏதும் பேசாமல், வழக்கம்போல் அடுத்த கட்டில் அம்மாளுக்கும் சேர்த்து இரண்டு பொட்டலமாகக் கட்டித் தந்தாள்.

கூடத்தின் வாசலில் கால் வைத்தேன். சுவரோரம் பச்சைத் திரை இல்லை. அது என் மனைவியின் கட்டிலைச் சுற்றி நின்றது.

நாட்றம்பள்ளி அம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். என் காலடி கேட்டும் முகத்தைக் காட்டவில்லை. மற்றப் பெண்களும் வேறு பக்கம் திரும்பியிருந்தார்கள். வாசலிலேயே நின்றேன். பொட்டலங்களின் சூடு மட்டும் உள்ளங்கையில் தெரிந்தது. பிள்ளைகளிடம் போய் என்ன சொல்வது என்று நினைத்தேன்.

"அங்க இன்னா நிக்கிறீங்க? சட்னி வாசனை வந்துடுச்சி, நீங்க வந்து சேரலியே!"

திரைக்குள்ளிருந்து வந்தது அவள் குரல். மெலிந்திருந்தாலும் அவள் குரலேதான். நான் திரையருகே விரைந்தேன்.

"இது... திரை..." என்றேன்.

"நான்தான் நர்சம்மாவைக் கெஞ்சி வெக்கச் சொன்னேன். நான் வாயைத் தொறந்தா இந்தக் கூடமே என் வாயைப் பாக்குது. நீங்க கண்ணே கொட்டறதில்ல. அப்புறம் எப்புடிங்க தொண்டையில எறங்கும்? நம்ம வூட்டு சாமிக்கு ஒரு திரை தெச்சிக் குடுத்தேனே, எனக்கு ஒண்ணு கெடையாதா?"

நான் திரையை விலக்கக் கை நீட்டினேன்.

"பொட்டலத்தைக் கீழாலே நீட்டுங்க. நீட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. இன்னொண்ணு கீது இல்ல, அதை நீங்க பிரிச்சித் துன்னுங்க. இலை பிரிக்கிற சத்தம் எனக்குக் கேக்கணும். கேக்கலைன்னா நானும் தொட மாட்டேன்."

"அது என் பொட்டலம்மா!" என்றார் நாட்றம்பள்ளி அம்மாள், சுவரைப் பார்த்தபடியே.

"இன்னிக்கி ஒரு நாளு பொறுத்துக்கோக்கா. திரும்பாதே!"

திரைக்கு முதுகு காட்டித் தரையில் அமர்ந்தேன். இறைவனை எண்ணி இலையைப் பிரித்தேன். இளமைமுதல் காத்த நியமம் அந்த ஒரு சத்தத்தோடு முடிந்தது. அதை எண்ணி வருந்த அப்போது எனக்குப் பொழுதில்லை. இட்டலி வெளியே ஆறி, உள்ளே சூடாக இருந்தது. சட்டினியில் கடலையை நன்கு வறுத்துத் தோலோடு அரைத்திருந்தாள். சிறிது புளி, இரண்டு பல் பூண்டு. அடுத்த கட்டில் அம்மாள் சொன்னது சரி, காரம் கம்மிதான். மெல்ல மெல்ல எனக்கே கடும் பசி இருந்தது தெரிந்தது.

முதுகுக்குப் பின்னால் இலை சலசலத்தது. பிறகு நிசப்தம். மீண்டும் சலசலப்பு. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது; திரும்பவில்லை. எத்தனையோ ஆண்டு நிவேதன வேளையில் திரையை இழுத்துவிட்டு வெளியே நின்றிருக்கிறேன். உள்ளே உண்ணும் ஓசையை அன்றுதான் கேட்டேன்.

அப்போது டாக்டரம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்தார். "யார் இந்தத் திரையை வைக்கச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே அதை விலக்கினார். வாய் நிறைய இட்டலியோடு என் மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பேச முடியாமல், சட்டினி படிந்த கையால் தன்னையே சுட்டிக்காட்டினாள். டாக்டரம்மாள் ஒரு கணம் நின்றார். பிறகு திரையைப் பழையபடி இழுத்துவிட்டு, ஓசைப்படாமல் நடந்து போனார்.

அன்று அவள் உண்டது ஓர் இட்டலியும் அரையும். மறுநாள் அதே இட்டலி. அதற்கடுத்த நாள் இடியாப்பம். அவள் எழுந்து நடக்கும்வரை திரை அங்கேயே இருந்தது. நானும் வெளியே அமர்ந்து கூடவே உண்டேன். நாட்றம்பள்ளி அம்மாளுக்கென மூன்றாவது பொட்டலம் ஒன்று தனியாக வந்தது.

ஊர் திரும்பும் நாளில் குதிரைவண்டியை வண்டிமேட்டில் நிறுத்தச் சொன்னாள் என் மனைவி. இட்டலிக்காரி அடுப்பை விட்டு எழுந்து வந்து, அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "பொண்ணு கொஞ்சம் இளைச்சிக் கீது. ஆனா நல்லாத்தான் கீது சாமி. கட்டிக்கோ."

ஆம்பூர் வந்தபின் என் நியமத்தை மீண்டும் எடுத்துக்கொண்டேன். ஆயினும் மண்டி வேலையாக வேலூர் செல்லும் நாட்களில் அந்த மேட்டில் இறங்கி உண்ணாமல் திரும்பியதில்லை. எனக்கும் என் மனைவிக்குமாக இரண்டு பொட்டலம் வாங்கிவருவேன். அவள் இந்தத் தையிலும் என்னோடு இருக்கிறாள். நான் எழுதுவதை அடுக்களையிலிருந்து கேலி செய்துகொண்டிருக்கிறாள்.

இதனைப் படிப்போர் அனைவருக்கும் வேளைதோறும் பசி எழுக. பசிக்கு உணவு வாய்க்க. நோயுற்ற நாளில் தங்கள் வாயைப் பார்த்து நில்லாமல், அருகே அமர்ந்து உடன் உண்பவர் ஒருவர் இருக்க. இறைவன் திருவருள் எல்லார் இல்லத்தையும் நிறைவாக வைத்திருக்க.