காலை ஊன்றிய எட்டு

லைசென்ஸ் வாங்க ஸ்கூட்டரில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். நடுவில் கால் தரையில் பட்டால் ஃபெயில். பெருந்துறையில் கணக்கு டீச்சராக இருக்கும் நான், முதல் வளைவிலேயே காலை ஊன்றிவிட்டேன். அதைப் பார்த்துவிட்டாள், தன் அப்பாவோடு அங்கே வந்திருந்த என் மாணவி. ஒவ்வொரு கணக்குப் பரீட்சையிலும் ஃபெயிலாகி என்னிடம் திட்டு வாங்குகிறவள்.

மறுநாள் ஸ்பெஷல் கிளாஸில் பின்னக் கணக்கை மறுபடியும் தப்பாகப் போட்டாள்.

"எத்தனை தடவை சொல்லிக் குடுக்கறது அம்மணி?" என்று கத்தினேன்.

"உங்களுக்கும் எட்டுப் போடச் சொல்லிக் குடுத்துத்தானுங்க மிஸ் இருப்பாங்க?" என்றாள், பயந்துகொண்டே.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது.

அன்று சாயங்காலமே பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் பெரிய எட்டு ஒன்று வரைந்தாள். அதன்பின் தினமும் முதலில் அவளுக்குக் கணக்கு, பிறகு எனக்கு ஸ்கூட்டர். "கீழ பாக்காதீங்க மிஸ், போற பக்கம் பாருங்க!" என்று கூடவே ஓடி வருவாள். நான் காலை ஊன்றும்போதெல்லாம், "பரவால்லீங்க, மறுக்கா போடுங்க" என்பாள். ஒருநாள்கூடத் திட்டியதில்லை.

எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. அவளுக்கு அடுத்த பரீட்சையிலும் பாஸ் மார்க் வரவில்லை, கொஞ்சம்தான் குறைச்சல். விடைத்தாளை வாங்கிப் பார்த்தவள் முன்போல அழவில்லை.

"கடைசி வளைவுல கால ஊனிப்போட்டனுங்க மிஸ்."

நான் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன்.

"பரவால்ல கண்ணு, மறுக்கா போடு."