ரூத்துக்காக நான் சொன்ன பதில்கள்

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம், எப்போதும் தானே குளித்துக்கொள்ளும் என் தங்கை ரூத்தை ஒரு நாள் நான் குளிப்பாட்டும்போது அவள் முதுகைப் பார்த்தேன். பட்டை பட்டையாகத் தழும்பு. சில பழையது, சில புதுசு. அப்படியே பாத்ரூம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ரூத்துக்கு நாற்பத்தொரு வயது. மனசு சின்னப்பிள்ளை மனசு. ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு நேரம் பிடிக்கும். அம்மா போன பிறகு ரவாங்கில் அண்ணன் வீட்டில் இருந்தாள். மாதம் ஒருமுறை கிள்ளானுக்கு என்னிடம் கூட்டி வந்து, இரண்டு நாள் வைத்திருந்து, கொமுட்டர் ரயிலில் கொண்டுபோய் விடுவேன்.

போலீசில் புகார் கொடுத்தேன். "அவளா விழுந்துட்டா" என்றார் அண்ணன். தன் வீட்டுக்கே அவளை அனுப்பச் சொல்லி நீதிமன்றமும் போனார். நானும் போனேன். தீர்ப்பு வரும்வரை ரூத்தை ஒரு காப்பகத்தில் வைத்தார்கள். அவள் பக்கம் நின்று பேச, நீதிமன்றமே ஒரு பாதுகாவலரை நியமித்தது. மும்தாஜ் என்ற வழக்கறிஞர். பிரிக்ஃபீல்ட்ஸில் அலுவலகம்.

பிறந்ததிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். நேற்று வந்தவர் அவளுக்காகப் பேசுவதா? தினமும் முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, அவளை அந்த வீட்டுக்கு மட்டும் அனுப்பிவிடாதேயும். அவளுக்காக நீரே பேசும்." வேறு ஜெபமே வரவில்லை.

முதல் சந்திப்புக்குக் காப்பகத்தார் ரூத்தை மும்தாஜ் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார்கள். நானும் போய் நின்றேன்.

"சாப்டீங்களா ரூத்?" என்றார் மும்தாஜ்.

"சாப்ட்டுட்டா" என்றேன்.

"என்ன குடிக்கிறீங்க?"

"அவளுக்கு மைலோதான் மேடம்."

மும்தாஜ் சிரித்தார். "அக்கா, கோச்சிக்காதீங்க லா. நான் ரூத்கிட்டதான் கேட்டேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

விறுவிறுவென்று கீழே இறங்கி, எதிர்க்கடையில் ஒரு தே தாரேக் டீ வாங்கி உட்கார்ந்தேன். "போயும் போயும் இவரையா அனுப்பினீர்?" என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். திரும்பிப் போனால், ரூத் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள். அவளே கேட்டாளாம்.

அதன் பிறகு மும்தாஜ் செவ்வாய்தோறும் காப்பகத்துக்குப் போனார். அங்கே ரூத் துணி மடிப்பாள். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து மடிப்பாராம். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்பாராம். நான்காவது வாரம் துணிக் குவியலில் ஒரு பெல்ட் கிடந்தது. ரூத் அதைத் தள்ளிவிட்டு "அண்ணன்" என்றாளாம். பிறகு திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினாளாம்.

மும்தாஜ் நீதிமன்றத்துக்கு எழுதிய அறிக்கையில் இதெல்லாம் இருந்தது. ரூத் சொன்ன இன்னொன்றும் இருந்தது: "அக்காகிட்ட சொன்னேன். அக்கா கேக்கல."

ரவாங் ஸ்டேஷனில் ஒவ்வொரு தடவையும் ரூத் இறங்காமல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். "ஏம்மா, போகப் பிடிக்கலையா?" என்று யாராவது அவளைக் கேட்டால், நான் முந்திக்கொள்வேன். "சும்மா பிடிவாதம் ஆன்டி. அண்ணன் வீடுன்னா இவளுக்கு உசுரு." ஐயோ, நானே சொல்லிச் சொல்லி அவளை அங்கே விட்டேனே! அறிக்கையை வாசிக்கக் கேட்டு, நீதிமன்றத்தில் வாய்விட்டு அழுதேன்.

எங்கே இருக்க ஆசை என்று மும்தாஜ் கேட்டதற்கு, "அக்கா வீடு" என்றிருந்தாள். அவ்வளவு நடந்தும் அப்படிச் சொன்னாள். நீதிபதி அதையே உத்தரவாக்கினார். மும்தாஜ் மாதாமாதம் வந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

வெளியே வந்து மும்தாஜ் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் என்னக்கா செஞ்சேன்? அவங்கதான் பேசுனாங்க. நான் துணி மடிச்சேன்" என்றார். அவர் தொழுகிறவர், நான் ஜெபிக்கிறவள். என் ஜெபத்துக்கு ஆண்டவர் அவரைத்தான் அனுப்பினார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் பேச நேரம் பிடிக்கிற ஒருவர் இருக்கலாம். அவருக்காக ஜெபியுங்கள், ஆண்டவர் கேட்பார். ஆனால் ஜெபித்துவிட்டு, என்னைப் போல முந்திக்கொள்ளாதீர்கள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றோம். பாஸ்டர் ரூத்திடம், "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டார். என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். பாஸ்டர் காத்திருந்தார். பின்னால் வரிசையே காத்திருந்தது.

"நல்லாருக்கேன்" என்றாள் ரூத். இன்னும் கொஞ்சம் யோசித்தாள். "அடி இல்ல."

பிறகு என்னைப் பார்த்து, "கோப்பி" என்றாள். ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.