என் சட்டைக்குக் கட்டிய காப்பு

எழுபதுகளின் கடைசியில் சந்தவாசலில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணி இருந்தான். ரயில்வேயில் வேலை பார்த்த என் நண்பன் அவன். நேபாளம் போய்விட்டு வந்து ஒரு வருடம் ஆகியும் அவன் அங்கிருந்து திரும்பவில்லை. டீ குடித்தால் அங்கே டீ எப்படி என்பான். மழை பெய்தால் அங்கே மழை எப்படி என்பான். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து மூன்று வருடம் கழித்து எனக்கு உத்தரவு வந்தது. திருப்பத்தூரில் ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம், அது இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும், தவறினால் உத்தரவு ரத்து என்று கடைசி வரியில் போட்டிருந்தது. அப்பா அன்றைக்கே ஒரு டெரிலின் சட்டையும் பேன்ட்டும் தைக்கக் கொடுத்தார். அது தைத்து வந்தபோது கையில் ஐந்து நாள் இருந்தது. வேலையில் மாட்டிக்கொள்வதற்குள் நானும் ஒரு வெளிநாடு பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். என் வசதிக்கு எட்டிய வெளிநாடு எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால்தான் இருந்தது.

ஜவ்வாது மலையை வெளிநாடு என்று நானாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "அது தனி நாடுப்பா" என்பார்கள். மேலே உள்ளவர்களுக்கும் அதில் மறுப்பில்லை. அவர்களுக்கென்று தலைவர், பஞ்சாயத்து, அபராதம் எல்லாம் தனி. கீழே இருந்து புளி வாங்கப் போவார்கள், வருவார்கள். பார்க்கவென்று யாரும் போனதில்லை.

"அங்க இன்னாடா கீது பாக்க?" என்றாள் அம்மா. கேட்டுவிட்டுப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். புளி விளையும் நாட்டுக்குப் புளிச்சோறு கொண்டுபோன முதல் பயணி நான்தான்.

புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். வெளிநாட்டுக்குப் பழைய சட்டையிலா போவது? ஒரு டைரி எடுத்துக்கொண்டேன். வேலை உத்தரவை அதற்குள் வைத்துக்கொண்டேன். மூன்று வருடம் காத்திருந்து வந்த காகிதத்தை வீட்டில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

ஆடி மாதத்துத் திங்கட்கிழமை. ஒற்றையடிப் பாதையில் ஏறி, இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்து, மதியம் ஒரு சாமைக் கொல்லை ஓரத்தில் போய் நின்றேன். களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வயது இருக்கும்.

"புளிக்கா வந்தீங்க? இப்ப ஏது புளி?"

"இல்லீங்கண்ணா."

"காட்டிலாகாவா?"

"இல்லீங்க."

"ஊசி போட வந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஊர்ல எல்லாரும் ஓடி ஒளியணும், அதுக்கு நேரம் ஆவும்."

"சும்மா சுத்திப் பாக்க வந்தேங்கண்ணா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வூட்ல இன்னா சண்டை?" என்றார்.

சண்டை எதுவும் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, பெரிய சண்டைதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி சாமைக் கஞ்சி ஊற்றினார். "சாப்புடுங்க தம்பி, கோவம் தன்னால எறங்கிடும்" என்றார். கோபமே இல்லாத நான் மூன்று சொம்பு குடித்தேன். டைரியில் 'இந்நாட்டு மக்கள் விருந்தோம்பலில் சிறந்தவர்கள்' என்று எழுதினேன்.

அன்று மாலையும் மறுநாள் பகலும் சுற்றுலா நடந்தது. எங்கே போனாலும் நான் என்ன பார்க்கிறேன் என்று பார்க்க நாலு பேர் கூட வந்தார்கள். நான் ஒரு பாறையைப் பார்த்தால் அவர்களும் அதைப் பார்த்தார்கள். "இதுல இன்னா?" என்றார்கள். "அழகா இருக்கு" என்றேன். மாலைக்குள் அந்தப் பாறைக்கடியில் ஏதோ இருக்கிறது, சர்க்கார் எடுக்கப் போகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. இரண்டு பேர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். நான் அடுத்து எதையும் உற்றுப் பார்க்காமல் ஜாக்கிரதையாக நடந்தேன். சுற்றிப் பார்க்க வந்தவன் தலையைக் குனிந்துகொண்டே சுற்றினேன்.

செவ்வாய்க்கிழமை மாலை மாரியம்மன் கோயிலில் மேளம் அடித்தது. காப்புக் கட்டு. வீட்டுக்கு ஒருவர் வரிசையாகக் கையை நீட்ட, பூசாரி மஞ்சள் நூல் கட்டிக்கொண்டே வந்தார். நேபாளத்து நண்பன் ஏதோ பாசிமணி வாங்கி வந்து காட்டியது ஞாபகம் வந்தது. எனக்கும் நினைவுக்கு ஒன்று இருக்கட்டுமே என்று வரிசையில் புகுந்து கையை நீட்டினேன். பூசாரி யார் கை என்று பார்க்கவில்லை. கட்டிவிட்டார்.

காப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. காப்புக் கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை வேறு ஊரில் இரவு தங்கக் கூடாது. ஆனால் எங்கள் ஊரில் காப்புக் கட்டிக்கொண்டு ஆரணிக்குப் போய் இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு விடியற்காலை வருபவர்கள் உண்டு. அந்த நினைப்பில் இருந்துவிட்டேன்.

புதன்கிழமை காலை, "நாளைக்குக் கிளம்பறேங்கண்ணா" என்றேன். அவர் கையில் இருந்த கஞ்சிச் சொம்பு நின்றுவிட்டது. அவர் மனைவி என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"அய்யய்யோ, இது எப்பக் கட்னீங்க?"

அரை மணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. காப்பு அவிழ்ப்பது அடுத்த செவ்வாய். எனக்கோ வெள்ளி பத்து மணி. நான் போனால் காப்பு முறியும். முறிந்தால் குற்றம் என்மேல் விழாது. எனக்குக் கஞ்சி ஊற்றிய வீட்டின்மேல் விழும். அந்த வீட்டை ஒரு வருடம் கோயில் பொங்கலுக்கும் சேர்க்கமாட்டார்கள், நல்லது கெட்டதுக்கும் அழைக்கமாட்டார்கள். என் பொருட்டு களை எடுப்பதை விட்டுவிட்டு வந்தவர் தலையைக் குனிந்து நின்றார். அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் உத்தரவை எடுத்துப் படித்துக் காட்டினேன். 'ரத்து' என்ற இடத்தில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

"அந்த ஆபீஸை எட்டு நாள் மூடி வெக்கச் சொல்லி எழுதுங்க" என்றார் ஊர்த்தலைவர். நியாயமான யோசனை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நானே டைரியிலிருந்து தாள் கிழித்து எழுதினேன். 'எங்கள் ஊரில் காப்புக் கட்டியிருப்பதால் தாங்கள் அலுவலகத்தைத் திறக்க வேண்டாம்.' தலைவர் கைநாட்டு வைத்தார். யார் கொண்டுபோவது என்று கேள்வி வந்தது. காப்புக் கட்டிய ஊரில் யார் திருப்பத்தூர் போய் இரவுக்குள் திரும்ப முடியும்?

"நானே எடுத்துக்கிட்டுப் போறேங்க" என்றேன்.

"அதான் சரி" என்றார் தலைவர். எல்லோருக்கும் நிம்மதி. நான் டைரியை மூடி எழுந்து பத்தடி நடந்தும் விட்டேன். அப்புறம்தான் பூசாரிக்கு உறைத்தது. "யோவ், அவரு போவக் கூடாதுன்னுதானய்யா லெட்டரு!" என்று கத்தினார். திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

அடுத்து, அதிகாரியை இங்கே வரவழைத்து மரத்தடியில் அலுவலகம் நடத்தலாம் என்று ஒருவர் சொன்னார். அவருக்கும் காப்புக் கட்ட வேண்டியிருக்கும் என்று இன்னொருவர் தடுத்தார். கடைசியில் வழி சொன்னது என்னை வீட்டுக்கு அழைத்துப் போனவர்தான்.

"துணிய வுட்டுட்டுப் போவட்டும். முன்ன ஒரு தபா காட்டிலாகாக்காரங்க நம்மாளு ஒருத்தரப் புடிச்சிட்டுப் போனாங்களே, அப்ப அவரு தலைப்பாவ வெச்சிதான காப்பு காத்தோம்?"

இருந்தது, அப்படி ஒரு தீர்ப்பு இருந்தது. வேர்வை பட்ட துணி ஆளுக்குச் சமம். என் டெரிலின் சட்டையில் மலையேறிய வேர்வை வேண்டிய மட்டும் இருந்தது. பூசாரி முகர்ந்து பார்த்து ஒப்புக்கொண்டார். சட்டையையும் பேன்ட்டையும் கழற்றிக் கொடுத்தேன். என் கையிலிருந்த நூலை அவிழ்க்காமலே உருவி, சட்டைக் கையில் மாட்டினார்கள். வீட்டு வாசலில் ஒரு கழி நட்டு அதில் சட்டையைப் போட்டார்கள். வீட்டுக்காரர் தன் நாலு முழ வேட்டியையும் ஒரு கம்பளியையும் எனக்குக் கொடுத்தார். ஊர்க்காரர்கள் அதற்கப்புறம் சட்டையைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

கிளம்பும்போது தலைவர் கற்பூரம் ஏற்றினார். "காப்பு அவுக்கற வரைக்கும் கீழ யாரு கேட்டாலும் நான்தான் அவன்னு சொல்லக் கூடாது. நீங்க இங்க கீறீங்க. அங்கயும் கீறேன்னு சொன்னா ரெண்டு ஆளு ஆயிடும். காப்பு தாங்காது."

கற்பூரத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். வேலைக்குச் சேர்வது என்றாலே 'நான்தான் அவன்' என்று சொல்வதுதான் என்பது, மேற்குச் சரிவில் பாதி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

வியாழன் இரவு திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் படுத்து எழுந்து, வெள்ளி காலை ஒன்பதரைக்கு அலுவலக வாசலில் நின்றேன். வழியெல்லாம் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது. காகிதத்தை நீட்ட வேண்டும், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சத்தியமும் பிழைக்கும், வேலையும் கிடைக்கும்.

காவலாளி என் வேட்டியையும் கம்பளியையும் பார்த்தான். "மனு எல்லாம் திங்கக்கிழமை, போ" என்றான். நான் காகிதத்தை ஆட்டினேன். வாய் பேச வராதவன் என்று நினைத்து இரக்கப்பட்டு உள்ளே விட்டான். அதிகாரி உத்தரவை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, இதுக்கு உரிய ஆளு எங்க?"

எனக்குப் பதில் தெரியும். மலைமேல் ஒரு வீட்டு வாசலில் கழியில் நிற்கிறார். சுவர்க் கடிகாரத்தில் பத்துக்கு ஏழு நிமிடம் இருந்தது. அப்பா சட்டைத் துணியைக் கையால் தடவிப் பார்த்துத் தையல்காரரிடம் கொடுத்தது ஞாபகம் வந்தது.

"நான்தான் சார்" என்றேன்.

அவர் நம்பவில்லை. "நீயா?"

"நான்தான் சார், நான்தான். சத்தியமா நான்தான்." அலுவலகம் முழுக்க நிமிர்ந்து பார்த்தது. அப்பா பெயர், பள்ளிக்கூடம், பதிவு எண் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் காவலாளி வந்து, "உன்னத் தேடி ஒரு மலைக்காரர் வந்துகீறார்" என்றான். வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை. உள்ளே என் சட்டையும் பேன்ட்டும் மடித்தபடி இருந்தன. இரண்டும் துவைத்தவை. தோளில் மட்டும் மஞ்சள் கறை போகவில்லை.

"நல்லா நடந்துச்சு திருவிழா" என்றார். "சனிக்கெழம மழைல நீங்க நனைஞ்சிட்டீங்க. அப்பால உள்ள தூக்கி வெச்சோம். பொங்கலுக்கு உங்களுக்குத் தனி எலை. எங்க வூட்ல கீழ வுழுந்து கும்புட்டப்ப உங்களையும் சேத்துத்தான் புடிச்சிக்கினு கும்புட்டாங்க." நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பிறகு வேட்டி நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"வெள்ளிக்கெழம எங்க வூட்டு மாடு கன்னு போட்டுச்சு. கன்னு நிக்கல, அன்னிக்கே செத்துடுச்சு. ஊர்ல நாலு பேரு, கீழ அவரு வாயத் தொறந்துட்டாருன்னு பேசிக்கினாங்க. நான் அடிச்சி சொல்லிட்டேன், கற்பூரத்து மேல கை வெச்சவரு, சொல்லியிருக்க மாட்டாருன்னு. செவ்வாக்கெழம காப்பு அவுத்தாச்சு. இருந்தாலும் அவ மனசு ஆறல. ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடுன்னு அனுப்பிச்சா."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லலியே?"

ஒரு கன்று பிறந்து நிற்காமல் போவதற்கும் நான் திருப்பத்தூரில் வாயைத் திறந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்றைக்கும் எனக்கு அது தெரியும். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டை ஒரு வருடம் ஒதுக்கிவிடுவார்கள். அதற்காகத்தான் மறைத்தேன் என்று பிற்பாடு பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. அவர் முன்னால் நல்லவனாக நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"சொல்லலீங்கண்ணா" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். டீ வாங்கித் தருகிறேன், உட்காருங்கள் என்று கெஞ்சினேன். வேண்டாம் என்றார். அவள் வாசலிலேயே நிற்பாள், எத்தனை நேரமானாலும் இன்றைக்கே போய் இதைச் சொல்ல வேண்டும் என்று, எதிரே கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸை நோக்கி ஓடினார்.