ஐரிஷ்காரர் தேர்ந்தெடுத்த முகம்

எங்கள் குடும்பத்துக்குப் போடியில் ஏலக்காய் மண்டி இருந்தது. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஊர் என்னை அறிந்தது மண்டியால் அல்ல, ராஜா வேஷத்தால். திருவிழா நாடகத்தில் நான் வசனம் பேச ஆரம்பித்தால் பீடிக்காரர்கள்கூடப் பீடியை அணைத்துவிடுவார்கள். என் மனைவியின் தம்பி எங்கள் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். நாடகம் என்றாலே அவனுக்குக் கொட்டாவி வரும்.

குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட். அதன் துரை காயை எங்கள் மண்டியில்தான் போடுவார். அந்த வருஷம் அவருடைய சிநேகிதர் ஒருவர் அயர்லாந்திலிருந்து வந்து தங்கியிருந்தார். மேடையிலும் சினிமாவிலும் நடித்துவிட்டு, பிறகு டைரக்டராக மாறியவர். ஏலமலையில் சின்னதாக ஒரு படம் எடுக்கப்போகிறார், மொழிபெயர்க்க நீ வா என்று துரை ஆள் அனுப்பினார். கதாநாயகனாக நடிக்க உள்ளூர் ஆள் தேடுகிறார்கள் என்றும் வந்தவன் சொன்னான். அதற்குப் பிறகு எனக்கு மொழிபெயர்ப்பெல்லாம் எதற்கு? மீசையைத் திருத்திக்கொண்டு கிளம்பினேன். ஜீப்பு போகிற மட்டும் போய், மிச்ச தூரத்தை நானும் மச்சினனும் நடந்தோம்.

டைரக்டர் கூலிங்கிளாஸ் போட்ட ஒல்லியான மனிதர். சோதனைக்கு ஒரே ஒரு காட்சி வைத்தார். காற்றில் பெருமரம் ஒன்று சாய்ந்து, ஒரு விவசாயியின் ஏலச்செடிகளையெல்லாம் நசுக்கிவிட்டது. அவன் வந்து பார்க்கிறான். அவ்வளவுதான்.

நான் மண்டியிட்டு விழுந்தேன். மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். கண்ணீர் நிஜமாகவே வந்தது. காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். டைரக்டர் என் தோளைத் தொட்டு, "ரொம்பப் பெரிதாக இருக்கிறது" என்றார். பாராட்டு என்று ஒரு நிமிடம் நம்பினேன். அதற்குள் அவர் விரல் என் மச்சினனைக் காட்டியது.

அவன் அலுத்துக்கொண்டே போய் நின்றான். செடிகளைப் பார்த்தான். உதட்டோரம் லேசாகத் துடித்தது. ஒரு சிரிப்பு வரப் பார்த்து அடங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். டைரக்டர் கிட்டே போய் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம், "அப்போது என்ன நினைத்தான் என்று கேள்" என்றார்.

கேட்டேன். "நீங்க நெஞ்சுல அடிச்சுக்கிட்டது ஞாபகத்துக்கு வந்துருச்சு மச்சான். சிரிச்சா வைவீகளேன்னு அடக்குனேன்" என்றான்.

இதைச் சொன்னால் வாய்ப்பு அவன் கையைவிட்டுப் போய்விடும் என்று ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "காரணம் எனக்கெதற்கு? முகம்தான் வேண்டும்" என்றார்.

அன்றிலிருந்து என் வேலை அவனுக்கு நடிக்கச் சொல்லிக்கொடுப்பதாயிற்று. "மெதுவாத் திரும்பு மாப்ளே", "கண்ணைத் தாழ்த்து மாப்ளே" என்று நான் கத்துவேன். கேமரா அவனைப் பார்க்கும். டைரக்டர் சொன்ன ஒவ்வொரு "பிரமாதம்" என்ற சொல்லையும் நானே தமிழில் அவனிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. வயிறு எரிந்தது. அவன் வழுக்கி விழுந்தால்கூட அதுவும் நன்றாக இருப்பதாக அவர் சொன்னார்.

ஒருநாள் மழைக்காகக் காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் ஒதுங்கினோம். ஏன் நடிப்பை விட்டீர்கள் என்று அவரிடம் கேட்டேன். சிறு ஊர் மேடையில் விளக்குத் தூக்கி நிற்பவனாகத் தொடங்கினாராம். பிறகு தலைநகரத்து நாடக அரங்கில் எப்போதும் ராஜாவின் தம்பி. லண்டன் சினிமாவில் போலீஸ்காரன், பாதிரியார், அதைவிட்டால் குடிகார ஐரிஷ்காரன். அவரோடு விளக்குத் தூக்கிய சிநேகிதன் கதாநாயகனாகிவிட்டான். அவன் சுவரொட்டி இருக்கிற தெருவில்கூட இவர் நடக்க மாட்டாராம்.

"இப்போது அவனுக்கு மவுசு போய்விட்டது. என்னிடம் வேடம் கேட்கிறான்" என்றார்.

"கொடுப்பீர்களா?"

"மாட்டேன்" என்று சொல்லிப் பைப்பைப் பற்றவைத்தார். அந்தச் சொல் எனக்குத் தேன்போல இனித்தது. கூலிங்கிளாஸ் போட்ட வெள்ளைக்காரருக்கும் வயிறு எரிகிறது.

மறுவருஷம் படத்தின் பிரதி எஸ்டேட்டுக்கு வந்தது. பொழுது சாய்ந்ததும் திரை கட்டிக் காட்டினார்கள். அந்த அடங்கிய சிரிப்பு திரை முழுக்க வந்தபோது தோட்டத்துப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். துயரத்தை விழுங்குகிறான் என்று நினைத்துவிட்டார்கள். என் மனைவியும் என் கையைப் பிடித்து, "தம்பி மொகத்தப் பாருங்க, வயித்தப் பெசையுது" என்றாள். எனக்கும் பிசைந்தது, வேறு காரணத்துக்காக. நான் கத்திய கத்தல் எதுவும் படத்தில் இல்லை.

மச்சினன் மட்டும் எழுந்து சோம்பல் முறித்தான். "நல்லாத்தான் இருக்கு. வெரசாக் கெளம்புங்க மச்சான், பனி எறங்குனா பாதை தெரியாது" என்றான்.

அதற்குப் பிறகு நான் ராஜா வேஷம் கட்டவில்லை. ஊர் நாடகங்களை நானே இயக்கத் தொடங்கினேன். முதல் நாடகத்துக்கே நாயகனாக நடிக்க அவனைக் கூப்பிட்டேன். கூப்பிட என்னால் முடிந்ததே பெரிய காரியம் என்று எண்ணியிருந்தேன்.

"எனக்கு வேற சோலி இல்லையா? காலையில லோடு இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜீப்பின் டயரை உதைத்துப் பார்த்தான்.

நான் ஏங்கிக் கிடந்த ஒன்றை இத்தனை சுலபமாக வேண்டாம் என்று சொல்ல அவனால் முடிந்தது. அந்த முகத்தைவிட அதுதான் என்னை அதிகமாக எரித்தது.