திறக்காத பெட்டி

நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு டிக்கெட் கடையில் வேலை பார்த்த காலம். யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை பூட்டிக் கிடந்தது. ஒரு காலை, ஊரில் தாய் இறந்துபோன செய்தியோடு ஒருவர் ஓடி வந்தார்.

"பிளேனில எவ்வளவு நேரம், தங்கச்சி?"

"ஒரு மணித்தியாலம், அண்ணை."

அது உண்மைதான். ஆனால் ஏறுவதற்கு முன் பாதுகாப்பு அனுமதி வேண்டும், அதற்கு நாட்கணக்காகும் என்பதும் எனக்குத் தெரியும். அவர் இருந்த நிலையில், அதைப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் என் முன்னால் நின்றே வீட்டுக்கு போன் எடுத்துவிட்டார்.

"அம்மாவை எடுத்துப்போடாதேங்கோ. கடைசி மகன் நான்தானே கொள்ளி வைக்க வேணும். ஒரு மணித்தியாலம்தான், வந்திடுவன்."

அப்போதாவது தடுத்திருக்கலாம். அனுமதி இன்றே கிடைத்துவிடக்கூடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படிவத்தை நிரப்பினேன்.

அனுமதி வரவில்லை. நான்காம் நாள், பயணம் வேண்டாம் என்று சொல்ல அவர் வந்தார்.

"மூண்டு நாள் பாத்திட்டு நேற்று எடுத்திட்டினம். உடம்பு பழுதாகி, கடைசியில முகம் பாக்கப் பெட்டியைத் திறக்கேலாமப் போச்சாம். என்ர பிழை, தங்கச்சி. ஒரு மணித்தியாலம் எண்டு நான்தானே சொன்னனான்."

"ஓம்" என்றேன். அவருடைய படிவத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

இப்போது யாராவது பயண நேரம் கேட்டால், எனக்குத் தெரிந்த அத்தனையையும் மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறேன். சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெட்டி என் மேசைக்கு முன்னால் இருக்கிறது.