சவரிமுத்து ஐயாவின் மருந்துப் பெட்டி

வட்டவளையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறிக்காரர்தான் சொன்னார்: “டிஸ்பென்சர் ஐயா தவறிட்டாங்க முதலாளி. நேத்து அடக்கம்.” நான் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன்: எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இனி அந்த முகத்தைப் பார்க்க வேண்டியதில்லையே என்ற நிம்மதி. முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி அவருடைய மகன் கேட்டார். அவரைப் புகழ நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது வேறு.

எழுபதுகளின் தொடக்கம். தலையில் துணிமூட்டை சுமந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக விற்ற நான், பொகவந்தலாவையில் கடை போட்டு, பழைய வேன் ஒன்றும் வாங்கியிருந்தேன். தோட்டத்து அம்புலன்ஸ் முக்கால்வாசி நாள் பழுதாகிக் கிடக்கும். நோயாளியை ஏற்ற என் வேன்தான். நான் ஓட்டுவேன். பின்னால் நோயாளியோடு தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் சவரிமுத்து ஐயா, அவர் மடியில் பச்சை மரப்பெட்டி. உள்ளே, மூச்சடைத்தால் போடும் அட்ரினலின் குப்பி வலது மூலையில், சிவப்பு நூல் கட்டித் தனியாக இருக்கும். வலிக்குப் போடும் மருந்து இடது பக்கம், துணி சுற்றி. மற்றவை ஆளுக்கொரு திசை.

“என்னங்க ஐயா, கோழி கிளறின மாதிரி வச்சிருக்கீங்க?” என்று ஒருமுறை கிண்டல் செய்தேன்.

“ஒரே மாதிரி குப்பிய ஒண்ணா நிறுத்துனா கடைக்கு அழகு, முதலாளி. எனக்கு அது எமன். அவசரத்துல கண்ணு ஏமாத்தும். கை எடத்த மறக்காது.”

கேட்டேன், சிரித்தேன். அவ்வளவுதான்.

ஒரு நாள் மாலை அவர் ஒரு லயத்துக்குள் போயிருந்தார். பெட்டி வேனில் இருந்தது. வண்டியைத் திருப்பும்போது பெட்டி கவிழ்ந்து எல்லாம் சிதறியது. ஒன்றும் உடையவில்லை. குப்பிகளைப் பொறுக்கித் துடைத்தேன். கழன்று கிடந்த நூலையும் துணியையும் குப்பையென்று வீசிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அழகாக அடுக்கி மூடினேன். சொன்னால் ஏசுவார் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பாக்கியத்தைக் குளவி கொட்டிவிட்டது. வேனுக்குத் தூக்கி வந்தபோது முகமெல்லாம் வீங்கி, மூச்சு விசில் அடித்தது. ஐயா பெட்டியைத் திறந்தார். வலது மூலைக்குப் போன கை அப்படியே நின்றது. பிறகு ஒவ்வொரு குப்பியாக வெளிச்சத்தில் பிடித்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

“என்னாங்க ஐயா, உசுரு போவுது, படிச்சிக்கிட்டு இருக்கீங்க!” என்று அவள் புருஷன் கத்தினான்.

“கத்து தம்பி. ஆனா படிக்காம போட மாட்டேன். வலி மருந்தப் போட்டா இருக்கிற மூச்சும் நின்னுரும்.”

நாலாவது குப்பிதான் அட்ரினலின். மறுபடி ஒருமுறை படித்தார். அளவைப் பார்த்து அரைக் குப்பி மட்டும் ஏற்றித் தொடையில் போட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவள் தண்ணீர் கேட்டாள்.

ஆனால் லயத்தில் பேச்சு வேறாகிவிட்டது. மருந்து தெரியாத ஆளாம், எழுத்துக்கூட்டிப் படித்தாராம். தோட்டத்தை நடத்தும் துரையிடம் முறைப்பாடு போனது. விசாரணைக்குச் சாட்சியாக என்னையும் கூப்பிட்டார்கள். “பெட்டியில் மருந்து ஏன் இடம் மாறியிருந்தது?” என்று துரை கேட்டார். ஐயா என்னை ஒருமுறை பார்த்தார். பெட்டியைத் தொட்டது கடைக்காரன் என்று தெரிந்தால் சனம் என் கடைப்படி ஏறுமா? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“பெட்டி என் பொறுப்புங்க. வண்டியில விட்டுட்டுப் போனது என் பிழை” என்றார் ஐயா.

வட்டவளைப் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். ‘எழுத்துக்கூட்டி டாக்டர்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டது.

பல வருஷம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், “ஐயா, அந்தப் பெட்டி...” என்று இழுத்தேன்.

“தெரியும் முதலாளி. குப்பியெல்லாம் கடைத் தட்டுல மாதிரி லேபல் முன்னுக்குப் பார்த்து நின்னுச்சே. எந்த டிஸ்பென்சர் அப்பிடி வைப்பான்?” சிரித்தார்.

“அன்னைக்கே ஏங்க சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கனு பார்த்தேன். நான் சொல்லி, நீங்க கோவிச்சுக்கிட்டு வேனை நிறுத்திட்டா? அடுத்த நோயாளிய எதுல ஏத்துறது?”

அதற்குப் பிறகாவது நான் ஊருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் மண்ணுக்குள் போகும்வரை அந்தப் பட்டப்பெயர் அவர் மேல்தான் இருந்தது.

பாக்கியம் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். ஊரே கத்தும்போது அவர் அவசரப்படாமல் படித்ததால்தான் அவள் இருக்கிறாள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, துரை ஆபீசில் அவர் என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வை. அதில் கோபம் இருக்கவில்லை. எனக்கு இடம் விட்டுக் காத்திருந்தார்.

ஐயா, பிந்திவிட்டது. பெட்டியை அடுக்கியவன் நான்.