கூடையில் வைத்த டிசைன்கள்

போன மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, தாராவியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வீடு என்றால் ஒரே அறை, மேலே ஒரு பரண். நான் ஆரி வேலை செய்கிறவள். கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு டிசைன் வரைந்து, ஜரிகையும் மணியும் வைத்துத் தைத்துக் கொடுப்பேன்.

காகிதத்தில் வரைந்ததை போனில் படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, நிறம் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். வைக்க இடமில்லாததால் காகிதத்தையும், ஏற்றிய பிறகு போனிலிருக்கும் படத்தையும் விட்டுவைக்க மாட்டேன். கம்ப்யூட்டர் அரதப் பழசு. செம்பூரிலிருந்து வரும் ஒரு பெண் அதில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஆபீஸ் வேலைக்கு நடுவில், நண்பர்களோடு சேர்ந்து, கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் புழங்கும்படி அதை எளிமையாக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு இங்கிலீஷ் தகராறு, என் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தகராறு. எங்களைப் போன்ற வீடுகளுக்காகவே எழுத்தைக் குறைத்து எல்லாவற்றையும் படமாகப் போட்டிருந்தார்கள். திரையின் மூலையில் அழகான ஒரு பிரம்புக் கூடை இருந்தது.

எங்கள் வீட்டில் வெங்காயம், ரேஷன் கார்டு, துவைத்த துணி எல்லாமே பரணிலிருந்து தொங்கும் கூடைகளில்தான். ஆகவே திரையில் கூடையைப் பார்த்ததும் நான் யாரையும் கேட்கவில்லை. முடித்த டிசைன்களை அதற்குள் இழுத்துப் போட்டேன். திரை துடைத்து வைத்த மாதிரி ஆனது. வேண்டும்போது வெளியே எடுப்பேன், பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போடுவேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே கொஞ்சம் கர்வம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் புதுப் பதிப்பு போட வந்தாள். வேலை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வருவதாக இருந்தது. மணப்பெண்ணுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துப் பெரிய ஆர்டர். அவர்களுக்காக வரைந்ததை இவளுக்கும் காட்டலாமே என்று கூடையைத் திறந்தேன். காலி.

மூடிவிட்டுத் திறந்தேன். அப்போதும் காலி.

"எம்மா, கூடைக்குள்ள இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

அவள் டீயைக் கீழே வைத்தாள். "ஐயோ, அதுலயா வெச்சிருந்தேள்? அது குப்பைக் கூடை அக்கா. இடத்தை அடைச்சிண்டு கிடக்கேன்னு, புதுசு ஏறும்போது தானா காலியாற மாதிரி பண்ணியிருந்தோம்."

வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. "குப்பைக்குள்ள போயி எவளாவது பொழப்ப வைப்பாளாட்டீ? கூறு கெட்டவளே!"

வரைந்து வரைந்து சேர்த்ததெல்லாம் ஒரு நொடியில் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். படிக்காதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவள் சட்டென்று ஒயரைப் பிடுங்கினாள். இதற்குமேல் ஓடவிட்டால் அழிந்த இடத்தில் வேறு எதுவாவது பதிந்துவிடும், உடனே நிறுத்தினால் மீட்க வழியுண்டு என்றாள். பிறகு தன் கூட்டாளி ஒருவனை போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் சிரித்தான்.

"அரே, குப்பையில யாராவது பத்திரமா வைப்பாங்களா? யூசர் மிஸ்டேக் இது."

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்கு அவள் சத்தம் போட்டாள். "சிரிக்காதே! கூடைப் படம் போட்டது யாரு? நாம. ஒரு வார்த்தை கேக்காம காலி பண்ணினது யாரு? நாம. அக்கா ஒரு தப்பும் பண்ணலை."

டிசைன்கள் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. பேங்கிலும் சரி, ஆஸ்பத்திரி கவுண்டரிலும் சரி, என் வீட்டிலும் சரி, மெஷின் முன்னால் எது கெட்டாலும் பழி என்மேல்தான் விழும். நானும் அதை வாங்கிக்கொள்வேன். படித்த ஒருத்தி, தன்னோடு வேலை செய்கிறவனையே எதிர்த்து, என் பக்கம் நின்று பேசுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அவள் டிசைன்கள் பதிந்திருந்த ஹார்டு டிஸ்கைக் கழற்றித் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு, மீட்டுத் தருவதாகச் சொல்லி ஆட்டோ பிடித்து ஓடினாள். சாயங்காலம் வந்த கல்யாண வீட்டாரிடம், தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டுகளைக் காட்டிச் சமாளித்தேன். அடுத்த வாரம் வருகிறோம் என்று அரைமனதாக எழுந்து போனார்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவள் வந்தாள். முக்கால்வாசி மீண்டிருந்தன, பெயரெல்லாம் போய், கண்டபடி கலந்துகிடந்தன. மணப்பெண்ணுக்கு வரைந்த மாதுளம்பூ டிசைன் மட்டும் வரவேயில்லை. அதை உட்கார்ந்து மறுபடி வரைந்தேன். நல்லவேளை, ஆர்டர் கைநழுவவில்லை.

இப்போது எந்த மாற்றம் செய்தாலும் முதலில் என்னிடம்தான் கொண்டுவருகிறாள். ஒன்றும் சொல்லித் தராமல், நான் எங்கே தடுமாறுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். நான் தடுமாறிய இடத்தைத் திருத்திக்கொண்டு வருவாள்.

ஸ்டேஷன் டிக்கெட் மெஷின் முன்னால் நான் முழித்தால், பின்னால் நிற்பவர்கள் இப்போதும் உச்சுக்கொட்டத்தான் செய்கிறார்கள். முன்பெல்லாம் குறுகிப்போய் வரிசையை விட்டே விலகிவிடுவேன். இப்போது நகர்வதில்லை, எனக்குப் புரியும்படி இதைச் செய்யாதவர் யாரோ, வெட்கப்பட வேண்டியவர் அவர்தான் என்று நினைத்துக்கொண்டு, நிதானமாக அடுத்த பொத்தானைத் தேடுகிறேன்.